டிரை ஃபுட்டை விடாத பூனைக்கு டின் உணவு பழக்குவது எப்படி?

பசி ருசி அறியாது என்பார்கள். சொன்னவர் பூனை வளர்த்திருக்க மாட்டார். குட்டியிலிருந்தே டிரை ஃபுட் (மொறுமொறுவென்ற உலர் உருண்டை உணவு) தின்று வளர்ந்த பூனையின் முன்னால் நல்ல டூனா டின்னைத் திறந்து வையுங்கள். முகர்ந்து பார்க்கும். அப்புறம் லிட்டரில், அதாவது கழிப்பிட மணலில், கழிவை மூடுவதுபோல் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விடும். அந்த நேரம் பார்த்து யாராவது, "ரெண்டு நாள் பட்டினி போடு, தானா தின்னும்" என்று யோசனை சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

பூனை சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வரும். பூனையின் கல்லீரலால் அவ்வளவு கொழுப்பையும் கையாள முடியாது. அங்கேயே தேங்கிக் கல்லீரல் வேலை செய்வதைக் குறைத்துவிடும். கண், ஈறு, காது மடலின் உட்புறம் எல்லாம் மஞ்சளாகும். இரண்டு மூன்று நாள் சாப்பாடு இல்லாமல் போனாலே இது தொடங்கலாம். குண்டுப் பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவே முதல் விதி: வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் முயற்சியை நிறுத்திப் பழைய உணவைக் கொடுங்கள். அதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். குட்டிகளுக்கு அந்த 24 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பட்டினி வேண்டாம், ஆனால் பசி வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பூனை என்ன சாப்பிடுகிறது என்பதை மாற்றுவதற்கு முன்னால், எப்போது சாப்பிடுகிறது என்பதை மாற்ற வேண்டும்.

எதற்கு இந்தப் பாடு?

தண்ணீருக்காகத்தான். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. எலியையும் பறவையையும் தின்று அந்த இரையில் இருக்கும் ஈரத்திலேயே காலம் தள்ளியது. எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் பூனைக்குத் தாகம் குறைவு. சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரைச் சேமிக்கும் திறமை அதிகம்.

டிரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கும். டின், பௌச் (சின்னப் பை) உணவுகளில் 75 முதல் 80 சதவீதம். 4 கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி தேவை. அதை டிரை ஃபுட்டில் கொடுத்தால் 50, 55 கிராம். அதில் கிடைக்கும் தண்ணீர் 5 மில்லி இருக்கும். அதே கலோரியைப் பௌச்சாகக் கொடுத்தால் மூன்று பௌச். உள்ளே போகும் தண்ணீர் 200 மில்லிக்குப் பக்கம். டிரை ஃபுட் தின்னும் பூனை கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும், ஆனால் இந்த இடைவெளியை முழுசாக ஈடுகட்டாது. சிறுநீர்ப்பைக் கல், மணல்போலப் படிகம், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொந்தரவு உள்ள பூனைகளுக்கு டாக்டர்கள் ஈர உணவைச் சொல்வது இதனால்தான். மலச்சிக்கலுக்கும் எடைக் குறைப்புக்கும்கூட உதவும், ஏனென்றால் தட்டு நிறைய இருந்தாலும் கலோரி குறைவு.

"டிரை ஃபுட்டைக் கடித்துத் தின்றால் பல் சுத்தமாகுமே?" என்று கேட்பார்கள். பல்லுக்கென்றே பெரிய உருண்டையாகத் தயாரிக்கும் சிறப்பு வகைகள் சில உண்டு, அவை உதவும். சாதாரண கிப்பிள், அதாவது டிரை ஃபுட் உருண்டை, பல்லை அப்படி ஒன்றும் தேய்த்துவிடாது.

டிரை ஃபுட் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை மட்டுமே தின்று நன்றாக வாழ்ந்த பூனைகள் எத்தனையோ உண்டு. மூன்று பௌச் தினமும் வாங்கினால் மாதக் கடைசியில் பர்ஸ் என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததே. பாதிக்குப் பாதி கொடுத்தாலும் பலன் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பூனை என்றால் நீங்களாகவே உணவை மாற்றாதீர்கள். டின் உணவில் மாவுச்சத்து பெரும்பாலும் குறைவு. உணவை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தனி உணவு தின்னும் பூனைக்குக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பௌச் மாற்று ஆகாது. அந்த மருத்துவ உணவே ஈர வடிவிலும் வருகிறதா என்று கேளுங்கள்.

ஆண் பூனை லிட்டருக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முக்கி, சிறுநீர் வராமல் எழுந்து வந்தால் அது உணவு மாற்றத்தால் சரிசெய்யும் விஷயமே இல்லை. சிறுநீர் வழி அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகக்கூடிய நிலை. நடு இரவானாலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுங்கள்.

என்ன வாங்குவது?

நம் கடைகளில் டின்னைவிடப் பௌச்தான் அதிகம் கிடைக்கிறது, 70 முதல் 85 கிராம் அளவில். உள்ளே இருப்பது ஒரே வகை உணவுதான், எதில் தொடங்கினாலும் சரி. லேபிளில் மட்டும் ஒன்றைப் பாருங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்றோ, அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO), ஐரோப்பாவின் ஃபெடியாஃப் (FEDIAF) அமைப்புகளின் தர அளவுகளுக்கு ஏற்றது என்றோ இருந்தால் அது முழு உணவு. 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் தொடுகறி மாதிரி, அதையே முழுச் சாப்பாடாகக் கொடுக்க முடியாது. ஜெல்லியில் டூனா துண்டுகள் மிதக்கும் அழகான சின்ன டின்களில் பல இந்த இரண்டாவது வகை. பழக்குவதற்குப் பயன்படுத்தலாம்; வாழ்க்கை முழுக்க அல்ல.

இது வெறும் லேபிள் சண்டை இல்லை. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கிவிடும் என்று 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் பூனை உணவில் டாரின் அளவைக் கூட்டினார்கள். வெறும் வேகவைத்த கோழி, வெறும் மீன் என்று மாதக்கணக்கில் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

முதலில் ஒரே வகையில் பெட்டி வாங்காதீர்கள். மிருதுவாக அரைத்த பேட் ஒன்று, கிரேவியில் துண்டுகள் ஒன்று, ஜெல்லி ஒன்று என்று ஒவ்வொன்றாக வாங்குங்கள். பூனை மறுப்பது பெரும்பாலும் சுவையை அல்ல, வாயில் படும் பதத்தை. மொறுமொறுப்பே சாப்பாடு என்று சின்ன வயதில் பழகிய பூனைக்குக் கூழ் சாப்பாடாகவே தெரியாது. எந்தப் பதத்துக்கு மசியும் என்பது அந்தந்தப் பூனையின் இஷ்டம்.

படி 1: எப்போதும் நிறைந்திருக்கும் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்

பெரும்பாலான தோல்விக்குக் காரணம் இந்தக் கிண்ணம்தான். நாள் முழுக்க முறுக்கு கொறிப்பவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் பசிக்குமா? போதாததற்கு, கிப்பிளைத் தயாரித்து உலர்த்தி முடித்ததும் அதன்மேல் விலங்குக் கொழுப்பையும், இறைச்சியை நொதிகளால் கரைத்து எடுத்த சாற்றையும் தெளிக்கிறார்கள். பூனை அதை விடாமல் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

முதல் வாரம் புது உணவே வேண்டாம். பழைய டிரை ஃபுட்டையே நேரம் வைத்துக் கொடுங்கள். ஒரு நாள் அளவைக் காலையில் எடைபோட்டு ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். காலை 7, மதியம் 1, மாலை 6, இரவு 10 என்று நான்கு வேளை. வேலைக்குப் போகிறவர்கள் மூன்று வேளை. வைத்து அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து அதே டப்பாவில் போடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் கச்சேரி நடக்கும். விடியற்காலையில் முகத்தின் மேல் ஏறி உட்காரும். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வரும். அது பசியைவிட வழக்கம் மாறிய எரிச்சல்தான் அதிகம், ஏனென்றால் மொத்த அளவை நீங்கள் குறைக்கவே இல்லை. வீட்டில் உள்ள எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். பாட்டி யாருக்கும் தெரியாமல் ஒரு கைப்பிடி போட்டுவிட்டால் அன்றைய கணக்கு போச்சு. அதற்காகப் பாட்டியோடு சண்டை போடாமல், அந்தக் கைப்பிடியை நாளளவில் இருந்தே எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

நேரத்துக்கு முன்பே வந்து நின்று கத்த ஆரம்பித்தால் இந்தப் படி முடிந்தது என்று அர்த்தம். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

படி 2: பக்கத்தில் இருக்கட்டும், தொடாவிட்டாலும் சரி

இப்போது சாப்பாட்டு நேரத்துக்கு 10, 15 நிமிடம் முன்னால், அகலமான தட்டையான சாசரில் ஒரு டீஸ்பூன் டின் உணவை வையுங்கள். சாப்பிட்டால் சந்தோஷம். இல்லாவிட்டால் அதை அங்கேயே விட்டு, வழக்கமான டிரை ஃபுட்டைப் பக்கத்தில் வையுங்கள். கெஞ்சவோ கையில் எடுத்து மூக்கருகே நீட்டவோ வேண்டாம். சிலர் பாதத்தில் தடவிவிட்டால் நக்கிப் பழகும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூனை நக்கும்தான், ஆனால் அது அழுக்கை நக்குவது. அந்த வாசனையோடு எரிச்சலும் சேர்ந்து நினைவில் நின்றுவிடும்.

வாசனைதான் பூனைக்கு உண்மையான ருசி. அதன் நாக்கில் உள்ள சுவை மொட்டுகள் சில நூறுதான், நமக்கு ஆயிரக்கணக்கில். எனவே ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உணவை அப்படியே வைத்தால் பாதித் தோல்வி அங்கேயே. அப்போதுதான் பிடித்த இரையின் சூடு, அதாவது 37, 38 டிகிரி வேண்டும். ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்தாலே போதும். மைக்ரோவேவில் வைத்தால் அங்கங்கே கொதிக்கும், நன்றாகக் கலந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். சளி பிடித்து மூக்கடைத்த பூனையிடம் இந்த வேலையெல்லாம் வேண்டாம். முதலில் சளி சரியாகட்டும்.

படி 3: பாலம் போடுவது

சில பூனைகள் இரண்டாம் படியிலேயே வழிக்கு வந்துவிடும். மற்றவைக்கு ஒரு பாலம் வேண்டும்.

எனக்குப் பிடித்தது கிப்பிள் பொடி. நாலு கிப்பிளை மிக்ஸியிலோ அம்மியிலோ பொடித்து டின் உணவின் மேல் தூவுங்கள். பழகிய வாசனை மேலே, புதுப் பதம் கீழே. முதலில் பொடியை மட்டும் நக்கும், நக்கும்போதே கொஞ்சம் கூழும் உள்ளே போகும். தினமும் பொடியைக் குறைத்துக்கொண்டே வரலாம். முழுக் கிப்பிளைக் கூழில் பாதி புதையும்படி வைப்பது இன்னொரு வழி, ஆனால் கெட்டிக்காரப் பூனை கிப்பிளை மட்டும் பொறுக்கித் துடைத்துத் தின்றுவிடும்.

ட்யூபில் வரும் க்ரீம் போன்ற ட்ரீட்டை உங்கள் பூனை நக்குமா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. கூழ் என்பது சாப்பாடு என்று அதற்கு ஏற்கனவே தெரியும். அந்த க்ரீமை டின் உணவின் மேல் ஒரு கோடாக இழுத்துவிடுங்கள், பிறகு கலந்துவிடுங்கள், பிறகு குறையுங்கள்.

நம் சமையலறையில் இருக்கும் சிறந்த ஆயுதம் மாசி. சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்தது. ஒரு சிட்டிகை துருவித் தூவினால் தட்டைத் திரும்பிப் பார்க்காத பூனையும் வந்து நிற்கும். சிட்டிகைதான், அதற்கு மேல் வேண்டாம், உப்பு உண்டு. சிறுநீரகம், இதயம் சம்பந்தமான நோய் உள்ள பூனைக்கு அதுவும் கூடாது. உப்புப் போட்ட நெத்திலிக் கருவாடு யாருக்குமே வேண்டாம். கோழி வேகவைத்த தண்ணீரையும் ஊற்றலாம், உப்பில்லாமல், வெங்காயம் பூண்டு இல்லாமல் வெந்ததாக இருந்தால் மட்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். ஆகவே நீங்கள் சாப்பிடும் சூப்பிலோ மீன் குழம்பிலோ ஒரு கரண்டி எடுத்து ஊற்றும் எண்ணமே வேண்டாம்.

கிரேவியை மட்டும் உறிஞ்சிவிட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவிடும் பூனைகள் நிறைய. துண்டுகளை முள்கரண்டியால் நன்றாக மசித்து, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழம்புபோல ஆக்கிக் கொடுத்துப் பாருங்கள். கிப்பிளையே தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம். ஆனால் நம் வெயிலில் ஊறிய கிப்பிள் சீக்கிரம் புளிக்கும், அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அந்தப் பதத்தை விரும்பும் பூனைகளும் குறைவு.

படி 4: ஒன்று கூட, ஒன்று குறைய

ஒரு டீஸ்பூனை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகே டிரை ஃபுட்டில் கை வையுங்கள். கணக்கு எளிது: 85 கிராம் பௌச்சில் 60 முதல் 80 கிலோகலோரி இருக்கும், 10 கிராம் கிப்பிளில் 35 முதல் 40. ஆக ஒரு பௌச் முழுசாக உள்ளே போனால் சுமார் 18 கிராம் கிப்பிளைக் குறைக்கலாம். துல்லியமான எண் பாக்கெட்டின் பின்னால் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் கூட்டுங்கள். வாந்தியோ பேதியோ வந்தால் ஒரு படி பின்வாங்கி அங்கேயே சில நாள் இருங்கள். நன்றாகத் தின்றுகொண்டிருந்த பூனை திடீரென்று முகத்தைத் திருப்பினாலும் அப்படித்தான். பின்வாங்குவது தோல்வி இல்லை.

வெயிலும் எறும்பும்

வெளிநாட்டு வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். சென்னை வெயிலில் திறந்து வைத்த ஈர உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதற்கு முன்பே எறும்பு வந்துவிடும், எறும்பு ஏறிய தட்டைப் பூனை தொடாது. அகலத் தட்டில் விரற்கடை உயரம் தண்ணீர் ஊற்றி, நடுவில் சாசரை வையுங்கள். சாசரின் விளிம்பு வெளித்தட்டைத் தொடக்கூடாது, தொட்டால் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறிவிடும். எறும்புச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள். அதில் உள்ள பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தைப் பூனையின் உடம்பால் எளிதில் முறிக்க முடியாது. காலில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும்.

மிச்சத்தை மூடிபோட்ட டப்பாவில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் வரை கொடுக்கலாம். தட்டில் வாய் வைத்த மிச்சத்தைத் திரும்ப வைக்காதீர்கள்.

எடையும் லிட்டரும்

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழிக்கலாம். குழந்தைகளுக்கான எடைக்கருவி இருந்தால் இன்னும் துல்லியம். 4 கிலோ பூனை வாரத்துக்கு 80 கிராமுக்கு மேல் இறங்கினால் வேகம் அதிகம், டிரை ஃபுட்டைக் கூட்டுங்கள். மொத்தத்தில் 400 கிராம் இறங்கிவிட்டால் டாக்டரைப் பாருங்கள், அது உணவு மாற்றம் மட்டும்தானா என்று தெரிய வேண்டும்.

லிட்டரில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும். அதுதான் நாம் கேட்டது. தண்ணீர்க் கிண்ணத்தில் தண்ணீர் குறையவே மாட்டேன் என்கிறதே என்று பயப்படாதீர்கள், தட்டிலேயே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மலம் அளவில் குறைவதும் நிறம் மாறுவதும் சாதாரணம்.

சில பூனைகள் பாதி வரைதான் வரும். வயதான பூனைகள் குறிப்பாக. மாதக்கணக்கில் முயன்றும் காலை ஒரு பௌச், மற்ற வேளை கிப்பிள் என்ற இடத்தில் நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு பௌச்சாலேயே நாளுக்கு 65 மில்லி தண்ணீர் கூடுதலாகப் போகிறது. பௌச்சில் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் கலந்தால் 80 மில்லி.

முழுசாக மாறிவிட்ட பூனை வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. ஒரே பிராண்ட், ஒரே சுவை என்று பழக்கிவிட்டால், கடைக்காரர் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம்தான் வரும்" என்று சொல்லும் நாளில் மறுபடி முதல் படிக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டு பிராண்ட், இரண்டு பதம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு வேளை கிப்பிளும் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டுப் போக அதுதான் வசதி.